பெரணியின் இருபிறப்பைக் கண்ட வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர்

பூவும் காயும் இன்றித் தழைத்து வாழும் செடியினங்களுள் பெரணி யாவரும் அறிந்ததொன்று. மலைச்சாரல்களிலும் ஓடைக்கரைகளிலும் மட்டுமன்றி, நம் ஊர்ப் பழங்கிணறுகளின் உட்சுவரிலும் அதனைக் காணலாம். பூவாத இச்செடி தன் இனத்தை எவ்வாறு பெருக்குகின்றது என்பது பல நூற்றாண்டுகளாக அறிஞர்க்கும் விளங்காத புதிராகவே இருந்து வந்தது. விதையில்லாச் செடி உலகில் இருத்தல் இயலாது என்று கருதிய ஐரோப்பிய மக்கள், பெரணிக்குக் கண்ணுக்குப் புலனாகாத விதை உண்டென்றும், அவ்விதையைப் பெற்றவன் தானும் பிறர் கண்ணுக்குப் புலனாகாமல் உலவலாம் என்றும் கதை கட்டினர். அப்புதிர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் முழுதும் அவிழ்ந்தது. அதனை அவிழ்த்தவர் கலாசாலைப் பேராசிரியர் அல்லர். இசைநூற் கடையொன்றில் கணக்கும் கடிதமும் எழுதிவந்த ஓர் இளைஞர். வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர் என்னும் அப்பெரியாரின் வரலாற்றையும், அவர் விட்டுச்சென்ற கேள்வி பின்னோர் கையில் அடைந்த விளக்கத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இளமை

ஹோப்மைஸ்டர் ஜெர்மனி தேசத்து லைப்ஸிக் நகரில் 1824-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் பிரெடரிக் ஹோப்மைஸ்டர், 1807-ஆம் ஆண்டில் அந்நகரில் இசைநூல்களைப் பதிப்பித்து விற்கும் வாணிகத்தைத் தொடங்கியவர். லைப்ஸிக் அக்காலத்தில் புத்தக வாணிகத்திற்கும் இசைக்கும் ஒருங்கே பெயர்பெற்ற பட்டணமாதலின், வாணிகம் நன்கு செழித்தது. தந்தையார் வாணிகரேயாயினும் செடிகொடிகளிடத்துப் பேரன்பு பூண்டவர். தோட்டம் வளர்த்தார், செடிகளை உலர்த்தித் தொகுத்து வைத்தார், தாவர நூல்களையும் தம் பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்டார். மைந்தருக்குத் தாவரப் பற்று தந்தைவழி வந்த செல்வம் எனலாம்.

ஹோப்மைஸ்டர் பள்ளிக் கல்வியை 15-ஆம் வயதில் முடித்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மாணவராக மிதித்ததில்லை. தொழில் பழகுவதற்காக ஹாம்பர்க் நகரத்து இசைநூற் கடையொன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஏறக்குறைய இரண்டாண்டு தங்கினார். 1841-ஆம் ஆண்டில் லைப்ஸிக் திரும்பித் தந்தையாரின் கடையில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் பணியை ஏற்றார். இனி அவர் வாழ்நாள் முழுவதும் வாணிகத்திலேயே கழியும் என்றே அவரை அறிந்தோர் எண்ணியிருப்பர்.

வைகறை ஆராய்ச்சி

அக்காலத்தே யேனா நகரப் பேராசிரியரான ஷ்லைடன் என்பார் 1842-ஆம் ஆண்டு முதல் தாவர விஞ்ஞானத்தைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். செடிகளைப் பெயரிட்டு வகைப்படுத்துவதோடு நின்றுவிடுதல் போதாது. ஒவ்வோர் உறுப்பும் முதல் உயிரணுவிலிருந்து எவ்வாறு வளர்ந்து உருவாகின்றது என்பதை ஆராய்தலே உண்மைத் தாவர நூல் என்பது அந்நூலின் கொள்கை. அதனைக் கற்ற ஹோப்மைஸ்டர் அக்கொள்கையைத் தம் வாழ்நாள் நெறியாகவே கைக்கொண்டார்.

பகற்பொழுது முழுவதும் கடைக்கு உரியது. ஆதலின் வைகறை 4 மணி முதல் 6 மணி வரை உள்ள நேரத்தையே அவர் ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியும் கூரிய கத்தியும் ஊசியுமே அவருடைய கருவிகள். அவர் மிகக் கிட்டப்பார்வை உடையவர். சற்றுத் தொலைவில் உள்ளதும் அவர்க்குத் தெளிவாகப் புலப்படாது. ஆயினும் கண்ணருகே பிடித்த நுண்பொருளைச் சிறிதும் சிதையாமல் அரிந்தெடுக்கும் திறத்தில் அவரை வெல்வார் அரியர். ஆசிரியர் ஒருவரும் இன்றி, ஆய்வுக்கூடமும் இன்றி, கண்டதைக் கண்டவாறே வரைந்து வைத்து அவர் தாமே கற்றார்.

1847-ஆம் ஆண்டில் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டே அவர் ஆக்னஸ் லுர்கன்ஸ்டைன் என்னும் நங்கையாரை மணந்தார். மறுவருஷம், உயிரணு பிளவுபடுங் காலத்து அதன் நடுவே தோன்றும் சிறு திரட்சிகளை அவர் படமாக வரைந்தார். குரோமோசோம் என்னும் பெயர் 1888-ஆம் ஆண்டில்தான் அவற்றிற்கு வழங்கலாயிற்று. பெயர் தோன்றுமுன்னரே பொருளைக் கண்டவர்களுள் இவர் ஒருவர்.

ஆசிரியரோடு முரண்

உண்மை தேடுவோர்க்குப் பெருஞ்சோதனை, தாம் மதிக்கும் பெரியோர் கொள்கை தம் கண்கண்டதற்கு மாறுபடும்போது வருகின்றது. அச்சோதனை ஹோப்மைஸ்டருக்கு 25-ஆம் வயதிலேயே வந்தது. மகரந்தத் தூளிலிருந்து நீளும் குழாயின் நுனியே சூலினுள் புகுந்து கருவாக மாறுகின்றது என்றும், சூல் அதனைத் தாங்கி வளர்க்கும் தொட்டில் மாத்திரமே என்றும் ஷ்லைடன் போதித்து வந்தார். இத்தாலிய அறிஞர் அமிச்சி இதனை மறுத்திருந்தார். எனினும், ஜெர்மனியில் ஷ்லைடனின் புகழும் வாதத்திறமும் எதிர்ப்போரை நடுங்கச் செய்தன.

ஹோப்மைஸ்டர் வாதத்தில் இறங்கவில்லை. செடி செடியாக எடுத்துச் சூல்களை அரிந்து நோக்கினார். மகரந்தக்குழாய் வருமுன்னரே சூலினுள் முட்டையணு அமைந்திருப்பதையும், குழாய் வந்து சேர்ந்த பின்னர் அம்முட்டையணுவே கருவாக வளர்வதையும் ஐயத்திற்கு இடமின்றிக் கண்டார். பூக்குஞ் செடிகளின் கருத்தோற்றம் பற்றிய அவரது நூல் 1849-ஆம் ஆண்டில் தந்தையாரின் பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தது. ஷ்லைடனைச் சார்ந்தோர் சில ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். பின்னர் ஒவ்வொருவராக உண்மையை ஒப்புக்கொண்டனர். எவருடைய நூலால் தாவர ஆராய்ச்சியில் புகுந்தாரோ, அவருடைய முறையைக் கொண்டே அவருடைய முடிவைத் திருத்தினார் இவ்விளைஞர். ராஸ்டாக் பல்கலைக்கழகம் 1851-ஆம் ஆண்டில் அவருக்கு டாக்டர் பட்டத்தைக் கௌரவமாக அளித்தது. பட்டம் பெற்ற பின்னரும் அவர் கடைக்குச் சென்றுகொண்டிருந்தார்.

பெரணியின் இரு வாழ்வு

1851-ஆம் ஆண்டில், தம் 27-ஆம் வயதில், ஹோப்மைஸ்டர் தம் தலைசிறந்த நூலை வெளியிட்டார். மாஸ் என்னும் தரைப்பாசிகள், பெரணிகள், குதிரைவாலிகள், ஊசியிலை மரங்கள் ஆகியவற்றின் இனப்பெருக்கத்தை ஒப்பிட்டு ஆராய்ந்த நூல் அது. அதன் உட்கருத்தைப் பெரணியைக் கொண்டு விளக்குவோம்.

முதிர்ந்த பெரணியிலையின் அடிப்புறத்தே பழுப்புநிறப் புள்ளிகள் வரிசையாகக் காணப்படும். அவற்றினின்று ஸ்போர் என்னும் நுண்தூள் உதிர்ந்து காற்றிற் பரவுகின்றது. அத்தூள் ஈரமண்ணில் விழுந்து முளைக்குமேல், நேரே பெரணிச் செடி தோன்றுவதில்லை. விரல்நகத்தினும் சிறியதாய், இதயவடிவினதாய், பசுந்தகடொன்று தோன்றுகின்றது. இதனைப் புரோதாலஸ் என்பர். நாம் முன்னுடல் என வழங்குவோம். இதன் அடிப்புறத்தில் ஆணுறுப்புக்களும் பெண்ணுறுப்புக்களும் அமைகின்றன. மழைநீரோ பனிநீரோ படிந்திருக்கும்போது, ஆணுறுப்பு வெடித்துத் திருகுவடிவான ஆணணுக்கள் வெளிப்பட்டு நீரில் நீந்திச் செல்லும். குடுக்கை போன்ற பெண்ணுறுப்பினுட் புகுந்து அங்குள்ள முட்டையணுவோடு கலக்கும். அக்கலப்பிலிருந்தே வேரும் தண்டும் இலையும் உடைய பெரணிச் செடி எழுகின்றது.

இவ்வுண்மை முழுவதையும் ஹோப்மைஸ்டர் ஒருவரே கண்டார் என்று கூறுதல் பொருந்தாது. முன்னுடலில் ஆணுறுப்பை நேகலி என்பார் 1844-ஆம் ஆண்டில் கண்டிருந்தார். பெண்ணுறுப்பை லெஸ்சிட்ஸ் சுமின்ஸ்கி 1848-ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். எனினும் அவை தனித்தனிச் செய்திகளாகக் கிடந்தன. அவற்றை ஒரு நூலிற் கோத்த முத்துக்கள்போல் ஒழுங்குபடுத்தி, எல்லாப் பசுந்தாவரங்களுக்கும் பொதுவான நியதி ஒன்று உண்டு என நிலைநாட்டியதே ஹோப்மைஸ்டரின் பெருமை. ஒரு தாவரத்தின் வாழ்வு இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருவதால் நிறைவுறுகின்றது. ஒன்று ஆண் பெண் அணுக்களைத் தருவது. மற்றொன்று ஸ்போர்களைத் தருவது. மாஸில் நாம் காணும் பசுஞ்செடி முதல் தலைமுறை. அதன்மேல் நிற்கும் காம்பும் சிமிழும் இரண்டாந் தலைமுறை. பெரணியிலோ முன்னுடல் முதல் தலைமுறையாகச் சிறுத்தும், இலைச்செடி இரண்டாந் தலைமுறையாகப் பெருத்தும் உள்ளன. பூக்கும் மரங்களில் முதல் தலைமுறை மேலுஞ் சிறுத்து, மகரந்தத்தினுள்ளும் சூலினுள்ளும் மறைந்துவிட்டது.

மாஸும் பெரணியும் ஊசியிலை மரமும் ஆலமரமும் ஒரே அமைப்பின் படிகள் என்பது இதனால் வெளிப்படையாயிற்று. டார்வினுடைய உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது 1859-ஆம் ஆண்டில். அதற்கு எட்டாண்டு முன்னரே தாவரக் குலங்களிடையே உள்ள உறவினை ஹோப்மைஸ்டர் காட்டிவிட்டார். இவ்வுறவுக்குச் சிறந்ததொரு சான்று 1896-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வந்தது. கிங்கோ என்னும் மரத்தில் ஹிராசேயும், சைக்கஸ் என்னும் மரத்தில் இக்கேனோவும் நீந்திச் செல்லும் ஆணணுக்களைக் கண்டனர். விதை தரும் மரங்களிலும் பெரணியின் பழைய வழக்கம் எஞ்சி நின்றது.

பேராசிரியர் பதவியும் குடும்பத் துயரும்

இந்நூல் விரிவுபடுத்தப்பெற்று ஆங்கிலத்தில் 1862-ஆம் ஆண்டு லண்டன் ரே சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. மறுவருஷம், 39-ஆம் வயதில், ஹோப்மைஸ்டர் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தாவர நூற் பேராசிரியராகவும் தாவரத் தோட்டத்தின் தலைவராகவும் நியமனம் பெற்றார். மாணவராக ஒருநாளும் பல்கலைக்கழகத்தில் அமராதவர், பேராசிரியராக அதனுட் புகுந்தார். புன்ஸன், கிர்க்காப், ஹெல்ம்ஹோல்ட்ஸ் முதலிய பேரறிஞர் அப்பொழுது அங்கு விளங்கினர். 1867-ஆம் ஆண்டில் தாவர உயிரணுவைப் பற்றியும், 1868-ஆம் ஆண்டில் செடிகளின் பொது அமைப்பைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. 1872-ஆம் ஆண்டில், மோல் என்னும் புகழ்பெற்ற அறிஞர் வகித்த பதவிக்குத் தூபிங்கன் பல்கலைக்கழகத்தார் அவரை அழைத்துக்கொண்டனர்.

வெளியுலகில் புகழ் வளர, இல்லத்தே துயரமும் வளர்ந்தது. ஒன்பது மக்களைப் பெற்ற அவர், அவர்களுட் சிலரைத் தம் வாழ்நாளிலேயே இழந்தார். மனைவியார் 1870-ஆம் ஆண்டில் இறந்தார். அயராத உழைப்பும் அடுத்தடுத்து வந்த இழப்பும் அவர் உடல்நலத்தைக் குலைத்தன. 1876-ஆம் ஆண்டில் பக்கவாதம் கண்டு பதவியினின்று விலகினார். 1877-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், தாம் பிறந்த லைப்ஸிக்கின் அருகேயுள்ள லிண்டனோவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. தூபிங்கனுக்குச் சமயநூல் பயில வந்து, இவரிடம் தாவர நூலும் கற்று, பிற்காலத்தில் பெரும் பேராசிரியராக விளங்கிய கேபல் என்னும் மாணாக்கர், ஆசிரியரின் நூற்றாண்டான 1924-ஆம் ஆண்டில் அவர் வரலாற்றை நூலாக எழுதி நன்றிக்கடன் ஆற்றினார்.

அவர் விட்டுச்சென்ற கேள்வி

ஹோப்மைஸ்டரின் கண்டுபிடிப்பு ஒரு புதிரை விடுவித்து மற்றொன்றைத் தோற்றுவித்தது. ஒரே முன்னுடலில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் அருகருகே உள்ளனவே. பெரணி தனக்குத்தானே மணம் செய்துகொள்கின்றதா? அவ்வாறாயின் அதன் சந்ததியின் நிலை யாது? பரம்பரைக் குணங்களைப் பற்றிய மெண்டலின் விதி 1866-ஆம் ஆண்டில் அச்சேறி 1900-ஆம் ஆண்டு வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. அவ்விதியும், ஸ்போர் உண்டாகுங்கால் குரோமோசோம்களின் தொகை பாதியாகின்றது என 1894-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்கர் காட்டிய உண்மையும் அறியப்பட்ட பின்னரே இக்கேள்வியின் ஆழம் விளங்கிற்று.

பட்டாணிச் செடி தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும்போது, பெற்றோரிடத்திருந்த இருவகைப் பரம்பரைக் கூறுகளின் கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைகின்றது. ஐந்து தலைமுறைக்குப் பின்னர் 32-இல் ஒரு பங்கே எஞ்சும். பெரணியின் நிலை இதனினும் கடுமையானது. ஒரு ஸ்போரில் ஒரு தொகுதிக் குரோமோசோமே உண்டு. அதிலிருந்து வளர்ந்த முன்னுடலின் எல்லா உயிரணுக்களும் ஒரே தன்மையன. அதன் ஆணணுவும் முட்டையணுவும் வேறுபாடு சிறிதும் இல்லாதவை. அவ்விரண்டும் கலந்து பிறக்கும் செடியில் ஒவ்வொரு பரம்பரைக் கூறும் இரட்டையாக, ஒரே வகையாக நிற்கும். பட்டாணி பல தலைமுறையிற் சென்றடையும் நிலையைப் பெரணி ஒரே தலைமுறையில் எய்திவிடும்.

இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. காற்றில் மிதந்து கடல் கடந்த ஒரே ஸ்போர், துணையின்றியே புதிய தீவில் ஒரு குலத்தைத் தொடங்கவல்லது. 1883-ஆம் ஆண்டில் கிரக்கடோவா எரிமலை வெடித்து உயிரெல்லாம் அழிந்த தீவில், மூன்றாண்டு கழித்துச் சென்ற ட்ரொய்ப் என்பார் பெரணிகளே மிகுந்திருக்கக் கண்டார். ஆனால் தீய கூறு ஒன்று மறைவாகத் தங்கியிருந்தால், இத்தகைய தன்மணத்தில் அது மறைய இடமின்றி வெளிப்பட்டுக் கருவையே அழித்துவிடும். வேறுபாடு இல்லாத கூட்டம், காலநிலை மாறினாலும் நோய் தோன்றினாலும் தப்புவதற்கு வழி குறைந்ததாகும். ஆதலின் பெரணி யாரை மணக்கின்றது என்பது வெறும் வேடிக்கையான வினாவன்று. அவ்வினம் நிலைக்குமா அழியுமா என்பதே அதில் அடங்கியுள்ளது.

பெரணிக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒரே முன்னுடலின் ஆணணுவும் முட்டையணுவும் கலப்பது ஒன்று. ஒரே தாய்ச்செடியின் ஸ்போர்களிலிருந்து எழுந்த இரண்டு முன்னுடல்கள் கலப்பது மற்றொன்று. இது பட்டாணியின் தன்மணத்தை ஒக்கும். வெவ்வேறு செடிகளிலிருந்து வந்த முன்னுடல்கள் கலப்பது மூன்றாவது. இவையன்றி, கலப்பே இல்லாமல் முன்னுடலிலிருந்து செடி நேரே முளைப்பதும் உண்டு; அதனை 1874-ஆம் ஆண்டில் பார்லோ என்னும் அமெரிக்க மாணவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் முதன்முதற் கண்டார்.

முதல் வழியே பெரணிகளின் பொதுவழக்கம் என்று அறிஞர் சிலர் நெடுங்காலம் கருதினர். பெரணிகளில் குரோமோசோம்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதையும் அவர்கள் சான்றாகக் கொண்டனர். 1954-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளரான ஆபிரகாமும் நைனானும் ஓபியோகிளாஸம் என்னும் பெரணியினத்தில் 1,200-க்கு மேற்பட்ட குரோமோசோம்களை எண்ணிக் காட்டினர். அக்கால உலகில் அறியப்பட்ட எத்தொகையினும் அது மிகுதி. தன்மணத்தால் இழக்கும் வேறுபாட்டை ஈடுசெய்யவே பெரணிகள் குரோமோசோம்களைப் பலமடங்காகச் சேமித்தன என்று கிளெகோவ்ஸ்கி, பேக்கர் என்னும் இருவர் 1966-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். கேட்போர்க்கு அது மிகவும் பொருத்தமாகவே தோன்றிற்று.

ஆனால் வேறொரு செய்தி முன்னரே கிடைத்திருந்தது. டெப் என்னும் ஜெர்மானியர் 1950-ஆம் ஆண்டில், முந்தி வளர்ந்த பெரணி முன்னுடல் தன்னைச் சூழ ஒரு பொருளைச் சுரக்கின்றது என்றும், அப்பொருள் பட்ட இளைய முன்னுடல்கள் சிறுத்த நிலையிலேயே ஆணுறுப்புக்களை மட்டும் தருகின்றன என்றும் கண்டார். மூத்தது பெண்மையை மேற்கொள்ள, இளையவை ஆண்மையை மேற்கொள்கின்றன. அதனால் அயற்கலப்பு எளிதாகின்றது. இச்சுரப்பு, செடிகளை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்னும் பொருளுக்கு உறவானது. ஜப்பானியப் படர்பெரணி ஒன்றில், மூத்த முன்னுடல் அதனை முக்கால்வாசி நிலையில் வெளியிட, இளையது தன்னுள் ஏற்று நிறைவாக்கிக்கொள்ளும் விந்தையை 2014-ஆம் ஆண்டில் ஜப்பானியர் விளக்கினர். மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் இத்தகடுகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்றால் மிகையன்று.

1980-களில், செடியின் புரதங்களை மின்னோட்டத்தாற் பிரித்துப் பரம்பரைக் கூறுகளை அறியும் முறையைக் கேஸ்டனி, ஹாப்லர், சோல்டிஸ் தம்பதியர் முதலியோர் காட்டுப் பெரணிக் கூட்டங்களிற் கையாண்டனர். முடிவு பலரும் எதிர்பாராதது. ஆராயப்பட்ட பெரணியினங்களுட் பெரும்பாலானவை அயற்கலப்பாலேயே பெருகுகின்றன; அவற்றின் கூட்டங்களில் வேறுபாடு நிறைந்துள்ளது. குரோமோசோம் மிகுந்த இனங்களும் இரு தொகுதியுடைய சாதாரணச் செடிகளைப் போலவே நடந்துகொள்கின்றன. நிலத்தடியில் முன்னுடல் மறைந்து வாழும் பொட்ரிக்கியம் போன்ற சிலவற்றிலேயே தன்மணம் பெருவழக்காக உள்ளது. அங்கே ஆணணு நீந்திச் சென்று அயலாரை அடைதல் அரிது என்பது தெளிவு. ஷ்லைடனின் கொள்கைக்கு நேர்ந்ததே இக்கொள்கைக்கும் நேர்ந்தது. பொருத்தமாகத் தோன்றியது, பொறுமையாகப் பார்த்தபோது நிற்கவில்லை.

இன்னுமொரு செய்தியையும் குறிப்பிடல் வேண்டும். டிரைக்கோமேனஸ் என்னும் மெல்லிலைப் பெரணி ஐரோப்பாவின் மேற்குக் கரையோரங்களில் மட்டும் அரிதாக வாழ்வதாகக் கருதப்பட்டது. 1990-களில் ஆராய்ந்தபோது, அதன் முன்னுடல் மாத்திரம், இலைச்செடி ஒன்றையும் தோற்றுவியாமல், மத்திய ஐரோப்பாவின் பாறைப் பிளவுகளில் பச்சைப் பஞ்சுபோல் தனித்து வாழ்ந்துவருவது தெரியவந்தது. ஜெர்மனியும் அவ்விடங்களுள் ஒன்று. முன்னுடல் பெரணியின் வெறும் முளையன்று, தனக்கென ஒரு வாழ்வுடைய தலைமுறை என்று ஹோப்மைஸ்டர் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

ஹோப்மைஸ்டர் மெண்டலின் விதியை அறிந்தவர் அல்லர். ஜீன் என்னும் சொல் அவர் காலத்தில் இல்லை. ஆயினும் இன்று பெரணிக் கூட்டங்களின் வேறுபாட்டை அளப்போர் ஒவ்வொருவரும் அவர் இட்ட அடித்தளத்தின் மேலேயே நிற்கின்றனர். இலைச்செடியைப் பார்த்து மட்டும் பெரணியை அறிந்துவிட்டதாக எண்ணியிருந்த உலகத்தாரை, அதன் காலடியிலிருந்த விரல்நக அளவினதாகிய தகட்டினிடம் அவர் அழைத்துச் சென்றார். இன்று ஒரு காட்டின் பெரணிகளைக் காக்க விரும்புவோரும் அத்தகடு முளைப்பதற்கு நிழலும், ஆணணு நீந்துவதற்கு ஈரமும், அயற்கலப்பு நிகழ்வதற்குப் பல முன்னுடல்கள் அருகருகே வளரும் இடமும் உளவோ என்று பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர். சில செடிகளைத் தொட்டியில் வைத்துக் காப்பதால் அவ்வேறுபாடு காக்கப்படுவதில்லை.

நம் கலாசாலை மாணவர் தாவர நூற் கூடத்தில் பெரணியின் முன்னுடலை உருப்பெருக்கியில் நோக்கும்போது, அதனைத் தேர்வுக்குரிய ஒரு படமாக மட்டும் கருதி வரைந்துவிட்டுச் செல்லாதிருப்பாராக. பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர், தம் தொழிலையும் கைவிடாமல், விடியற்காலத்து இரண்டு மணி நேரத்தை நாள்தோறும் உண்மைக்கு ஈந்து கண்டெடுத்த பொருள் அது. வசதிக் குறைவைக் காரணங்காட்டி முயற்சியைத் தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இறைவன் படைப்பில் ஆராயத்தக்கன இன்னும் மிகப் பல. நமக்கும் நாள்தோறும் ஒரு விடியற்காலம் உண்டு. அதனை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் எண்ணிப் பார்த்தல் நலம்.